கர்ப்பிணிகளின் சோகையும் லூசி வில்ஸ் அம்மையாரும்

சரித்திரம் என்றால் அரசர்களின் வரிசையும் போர்களின் ஆண்டுகளுமே என்று உங்களிற் பலர் எண்ணியிருக்கக்கூடும். ஒரு பிடி கீரைக்கும் சரித்திரம் உண்டு. அதன் ஒரு பகுதி நம் குன்னூரிலும் சென்னையிலும் நிகழ்ந்தது.

1928-ஆம் ஆண்டில் பம்பாய் நகரின் நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள், கருவுற்ற காலத்தில் ஒருவகைக் கடுஞ்சோகைக்கு இரையாகி வந்தனர். இரத்தத்தின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையிற் குறைந்து, அளவிற் பெருத்துவிடும். உடல் வெளுக்கும், மூச்சு வாங்கும், தாயும் சேயும் மடிவதுண்டு. இதனை ஆராய, மார்கரெட் பால்ஃபர் என்னும் பெண் வைத்தியரின் அழைப்பை ஏற்று, இங்கிலாந்திலிருந்து லூசி வில்ஸ் அம்மையார் வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் தாவர இயலும் நில இயலும் கற்று, அதன் பின்னரே வைத்தியம் பயின்றவர் அவர்.

அம்மையார் முதலில் கிருமியைத் தேடினார், அகப்படவில்லை. பின்பு, இப்பெண்கள் உண்பது என்ன என்று விசாரிக்கலானார். பழமும் காய்கறியும் புரதமும் குறைந்த உணவை உண்டவர்களிடையே நோய் மிகுந்திருந்தது. அன்றைய வைத்திய உலகம் பல நோய்களுக்குக் கிருமியைக் காரணமாகத் தேடிப் பழகியது. அப்படியிருக்க, நோயாளியின் தட்டை எட்டிப் பார்த்தது பெரிய காரியம் என்பேன்.

1929-இல் அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்திற்கு வந்தார். உணவு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற மெக்காரிசன் அங்கிருந்தார். பம்பாய்ப் பெண்களின் உணவை ஒத்த உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் சோகை கண்டது; ஈஸ்ட் சேர்த்தபோது தடுக்கப்பட்டது. ஆனால் வெற்றி அத்தனை எளிதன்று. பேன்களால் பரவும் வேறொரு கிருமியும் எலிகளின் இரத்தத்தைக் கெடுத்து வந்தது தெரிந்தது. ஆகவே குரங்குகளைக்கொண்டு மீண்டும் சோதிக்க நேர்ந்தது.

1931-இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில், கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைத்த இடத்தில் அவர் பணிபுரிந்தார். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே. நோயாளிகளுக்கு அவர் அளித்த மருந்து மார்மைட்: பீர் வடிக்கும் ஆலையில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுத்த சாறு, இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்னும் பண்டம்! சில நாட்களிலேயே புதிய இரத்தம் ஊறத் தொடங்கியது. அவ்வாண்டே பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் இதனை வெளியிட்டார்.

ஈரல் சத்து வேறொரு கொடிய சோகையைத் தீர்க்கும் என்பது 1926-லேயே தெரிந்திருந்தது. ஆனால் நன்கு சுத்திகரித்த ஈரல் சத்து இப்பெண்களுக்குப் பயன்படவில்லை. சுத்திகரிக்காத சத்தோ குணம் தந்தது. ஆகவே இதைத் தீர்ப்பது இன்னொரு பொருள் என்று அம்மையார் முடிவுகட்டினார். அப்பொருளுக்குப் பெயர் கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின. 1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் டன் கணக்கான கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக்கொண்டு ஃபோலிக் அமிலம் என்றழைத்தனர். 1945-இல் அது செயற்கையாகவும் தயாரிக்கப்பட்டது.

பிறந்த குழந்தைக்கும் இது இன்றியமையாதது. தாயின் இருப்புக் குறைந்தாலும் தாய்ப்பாலில் இச்சத்து எளிதிற் குறைவதில்லை. தாயின் உடலே ஈடுகொடுக்கிறது. ஆட்டுப்பாலிலோ இது மிகச் சொற்பம். அதை மட்டுமே ஊட்டி வளர்க்கப்படும் குழந்தைக்கு அதே சோகை வருவதுண்டு.

கருவின் கதை இன்னும் வியப்பானது. முதுகுத் தண்டாக வளரவேண்டிய குழல், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ளவேண்டும். கருவுற்றதைத் தாயே அறியாத காலம் அது! முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம் ஏழு நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 1991-இல் வெளிவந்தது. கருத்தரிக்குமுன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களிடம் இக்குறை மீண்டும் தோன்றுவது 72 சதவீதம் குறைந்திருந்தது. 1964-இல் மறைந்த வில்ஸ் அம்மையார் இதனைக் காணவில்லை.

இந்திய அரசு 1970 முதல் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரைகளை வழங்கத் தொடங்கியது. 2018-இல் வகுத்த திட்டப்படி ஒரு மாத்திரையில் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். கீரையிலும் பயற்றிலும் இச்சத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நீரிற் கரைவது. கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரை இறுத்துவிடும் வீடுகளில், அதிற் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகிறது.