ஆட்டுக்கல் முதல் மாவுப் பாக்கெட் வரை

போன மாதம் என் மனைவிக்கு வலது மணிக்கட்டில் வலி. ஒரு மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும், "கடையில இட்லி மாவு பாக்கெட் வாங்கிக்கலாமாங்க?" என்று கேட்டாள்.

"கடை மாவா? நம்ம வீட்டு ருசி வருமா?" என்றேன்.

சொல்லி முடித்ததுமே சுருக்கென்றது. ஏறக்குறைய இதே வார்த்தைகளை ஐம்பது வருடங்களுக்கு முன்னால் இன்னொருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் என் அப்பா.

கரூர்ப் பக்கத்தில் நாங்கள் இருந்த வீட்டில் பின்கட்டில் ஒரு ஆட்டுக்கல் உண்டு. வாரம் இரண்டு நாள் அம்மா அதன் முன் உட்காருவாள். வலது கையால் குழவியைச் சுற்றுவாள். இடது கையால் மாவைத் தள்ளிவிடுவாள். உளுந்து பொங்கப் பொங்க அரைபட வேண்டும், பிறகு அரிசி. எட்டுப் பேர் சாப்பிடும் வீடு. எழுந்திருக்க இரண்டு மணி நேரமாகும். ராத்திரி தோளில் தைலம் தேய்த்துக்கொள்வாள். எங்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரிந்ததில்லை. காலையில் இட்லி இருக்கும், அவ்வளவுதான்.

மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரை 1955-ல் உருவாக்கியவர் கோவையைச் சேர்ந்த சபாபதி என்று சொல்வார்கள். பிறகு அந்த ஊரில் அது பெருந்தொழிலாகவே வளர்ந்து, 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் பெற்றது. எங்கள் ஊரிலிருந்து கோவை ஒன்றும் தூரமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் தெருவில் ஒரு வீட்டுக்கு கிரைண்டர் வந்தது. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். "மெஷின்ல அரைச்சா மாவு சூடாயிடும். கல்லுல அரைக்கிற ருசி வராது" என்றார் அப்பா. அந்த வருடம் தீபாவளிக்கு வீட்டுக்கு ரேடியோ வந்தது.

1982-ல் நான் தவணையில் ஒரு கிரைண்டர் வாங்கினேன். அது முதன்முதலாகச் சுற்றியபோது அம்மா முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மாவு அரைபட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "இது ஒரு இருபது வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றாள். வந்துதான் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால், சமையலறை வேலை வீட்டை விட்டு வெளியே போனது மாவோடு தொடங்கவில்லை. அதற்கு முன்பே நெல் குத்துவது போனது. உரலும் உலக்கையும் செய்த வேலையை ரைஸ் மில் எடுத்துக்கொண்டது. பெண்களின் கைக்கு விடுதலைதான். ஆனால் அதில் ஒரு நஷ்டமும் இருந்தது. மில்லில் நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு தையமின் என்ற பி1 வைட்டமினும் போய்விடும். வேறு சத்தான உணவு இல்லாமல் அதையே உண்டவர்களுக்கு பெரிபெரி நோய் வந்தது. ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் துவள்வதை 1890-களில் கவனித்தார். அந்த ஆராய்ச்சிக்காக 1929-ல் நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. நம் புழுங்கல் அரிசி ஓரளவு காப்பாற்றியது. நெல்லை அவிக்கும்போதே சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்காக மறுபடி உலக்கையைத் தூக்கச் சொல்லி யாரையும் கேட்க முடியுமா? எதைத் தின்கிறோம் என்று பார்த்துத் தின்பதுதான் வழி.

ரெடி மிக்ஸின் கதை இன்னும் சுவையானது. பெங்களூர் எம்.டி.ஆர். ஓட்டல் 1924-ல் தொடங்கியது. 1975 எமர்ஜென்சியில் ஓட்டல் பண்டங்களுக்கு அரசு விலை வரம்பு வைத்தது. அந்த விலைக்குத் தரமாகத் தர முடியாது என்று ஓட்டலை மூடினார்கள். வேலையாட்களைக் கைவிடாமல் இருக்க, மிக்ஸ்களையும் பொடிகளையும் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கினார்கள். ஓட்டல் பிறகு திறந்தது, பாக்கெட்டும் நிலைத்துவிட்டது.

மாவு விற்பனை அதற்கெல்லாம் பெரிய கம்பெனி தேவைப்படாமலே நடந்தது. தெருவில் ஒரு அம்மா கிரைண்டர் வைத்திருப்பார்; மாலையில் தூக்குவாளியோடு போனால் கரண்டிக் கணக்கில் ஊற்றுவார். 2005-ல் பெங்களூரில் 'ஐடி ஃபிரெஷ்' போன்ற நிறுவனம் வந்தபிறகு அது தேதி அச்சிட்ட பாக்கெட் ஆனது. இதற்கிடையே 2011-ல் தமிழக அரசு ரேஷன் கார்டுள்ள குடும்பப் பெண்களுக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. 'இலவசம்' என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை.

நறுக்கிய காய்கறியும் புதிதல்ல. மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவில் ஆய்ந்த வாழைப்பூவும் உரித்த சின்ன வெங்காயமும் பாக்கெட்டில் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அலுவலகம் முடிந்து ரயிலைப் பிடிக்க ஓடும் பெண்களுக்கு அது ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். மும்பையில் பெண்கள் லோக்கல் ரயிலில் உட்கார்ந்தே காய் நறுக்கிக்கொண்டு போவதை நேரிலேயே கண்டிருக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நறுக்கிய காய் முழுக் காயைவிட சீக்கிரம் கெடும். கழுவி நறுக்க வேண்டியதை, நறுக்கி வந்தபின் கழுவினால் நீரில் கரையும் சத்தும் கொஞ்சம் போகும். வெயிலில் வைத்திருந்த பாக்கெட் மாவு புளித்துப் பொங்கும். மிக்ஸ்களில் உப்பு அதிகம். என்னைப் போல பிரஷர் உள்ளவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். விலையும் கூடுதல், பிளாஸ்டிக் குப்பையும் கூடுதல். இன்னொன்று: வேலை மறைந்துவிடவில்லை. என் வீட்டுப் பெண் உரிக்காத வெங்காயத்தை வேறு ஒரு வீட்டுப் பெண், கண் எரிய எரிய, கூலிக்கு உரிக்கிறாள். அவளுக்கு அது நாலு காசு. ஆனால் பேரம் பேசும்போது அந்த முகம் நினைவிருக்கட்டும்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்து நான் கண்டது ஒன்றுதான். கைப்பக்குவம், பாரம்பரிய ருசி என்று பேசிய நாங்கள் யாரும் ஒரு நாளும் குழவியைப் பிடித்தவர்கள் இல்லை. பாக்கெட் வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை, அந்த வேலையைச் செய்பவருக்கே உண்டு.

அன்று மாலையே போய், தேதி பார்த்து ஒரு கிலோ மாவு வாங்கி வந்தேன். மறுநாள் இட்லி கொஞ்சம் கெட்டிதான். மனைவி, "எப்படியிருக்கு?" என்றாள். "நல்லா இருக்கு" என்றேன்.

இப்போது அவள் கை பரவாயில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாவு என் பொறுப்பு. அரிசி களைவது, ஊறப்போடுவது, அரைப்பது, கடைசியில் கல்லைக் கழுவுவது எல்லாம் நான்தான். கல்லைக் கழுவுவது இவ்வளவு பெரிய வேலை என்று எழுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.