தோளை இடிக்காத துப்பாக்கி

கோச்சடைக்காரர்களுக்குக் குறி பார்ப்பது ஒன்றும் புதிதல்ல. எங்கள் ஊர்த் தெய்வமே வில்லாயுதமுடைய அய்யனார்தான். ஆனாலும் அந்த ஊரிலிருந்து பஸ் பிடித்து நம் கல்லூரிக்கு வந்த எனக்கு, என்.சி.சி.யில் முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தபோது கை வெடவெடத்துப் போனது. 25 கஜ தூரம், ஐந்து தோட்டா. ஒன்றுகூட அட்டையில் படவில்லை.

ஹவில்தார் சார் சிரித்தார். "தம்பி, கண்ணைத் திறந்துக்கிட்டுச் சுடுப்பா. இது உன்னை ஒண்ணும் பண்ணாது. இதோட அண்ணன் இருக்கான் பாரு, அவன்தான் தோளைப் பேத்துருவான்!"

யார் அந்த அண்ணன்? அதைத் தேடிப் போனதில் கிடைத்த சரித்திரத்தைத்தான் நம் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அண்ணன் பெயர் .303 லீ என்ஃபீல்டு. இரண்டு உலகப் போர்களிலும் நம் சிப்பாய்கள் தூக்கிச் சுமந்தது. ஏறக்குறைய நாலு கிலோ எடை. அதன் குண்டு 11 கிராம் சொச்சம். வேகம் விநாடிக்கு 740 மீட்டருக்கு மேல். .22 குண்டோ 2.6 கிராம்தான், வேகம் சுமார் 330 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆற்றலில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. புதிதாகச் சுடுகிறவன் பயப்படுவது குறி தவறுமோ என்றல்ல, அடி விழுமோ என்றுதான். விசையை இழுக்கும் முன்பே உடம்பு சுருங்கிவிடும். அப்புறம் குறி எங்கே நிற்கும்?

இந்தச் சிக்கலுக்கு 1880-களிலேயே ஒரு வழி கண்டார்கள். பெரிய துப்பாக்கியின் குழலுக்குள் சிறு குழல் ஒன்றைச் செருகிச் சின்னத் தோட்டாவால் பழகுவது. அதற்கு மோரிஸ் டியூப் என்று பெயர். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில், விவசாயிகளான போயர்கள் சுட்ட சுடலைப் பார்த்து பிரிட்டிஷ்காரர்கள் அசந்துபோனார்கள். அதன்பிறகு அங்கே சிறு துப்பாக்கிக் கழகங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. 1887-லேயே அமெரிக்காவில் பிறந்திருந்த '.22 லாங் ரைபிள்' தோட்டா அவர்களுக்குக் கைகொடுத்தது.

ராணுவமும் விடவில்லை. தேய்ந்துபோன .303 குழலைக் குடைந்து அகலமாக்கி, உள்ளே .22 அளவில் புரி வெட்டிய மெல்லிய எஃகுக் குழலைப் பொருத்தினார்கள். பெரிய தோட்டாவை அதன் அடியின் நடுவில் தட்டினால் வெடிக்கும்; .22-ஐ விளிம்பில் தட்ட வேண்டும். அதனால் போல்ட்டின் தலையையும் மாற்றினார்கள். மேகஸின் பெட்டியைக் காலியாக விட்டு, அதில் வெற்றுத் தோட்டா விழும்படி செய்தார்கள். எடை, பிடி, போல்ட் இழுக்கும் விதம் எல்லாம் அண்ணனுடையதே. அடி மட்டும் இல்லை! 'நம்பர் 2 மார்க் 4' என்ற இந்த மாற்றுத் துப்பாக்கி நம் நாட்டிலும் பல தலைமுறை என்.சி.சி. மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது.

குன்ஸ்ரூ கமிட்டியின் சிபாரிசுப்படி 1948-ல் என்.சி.சி. உருவானது. சீன யுத்தத்துக்குப் பிறகு 1963-ல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாகி, 1968-ல் மீண்டும் விருப்பப் பயிற்சியானது. பிற்பாடு வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை செய்த .22 டீலக்ஸ் வந்தது. பழையதைவிட எடை குறைவு. ஒல்லிப் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் அது பெரிய நிம்மதி. ஆனால் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். மண்மேடு தடுக்காவிட்டால் அந்தச் சின்னக் குண்டு ஒரு கிலோமீட்டர் தாண்டியும் போகும்.

எனக்குக் குறி வந்தது தோட்டாவே இல்லாமல்தான். குழல் நுனியில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, காசு விழாமல் விசையை இழுக்க வேண்டும். மூன்று மாதம் இதே வேலை. அடுத்த முறை ஐந்து குண்டும் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் விழுந்தன.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. மூன்றாம் ஆண்டில் நான் சீனியர். ஒரு ஜூனியர் தம்பி முதல் நாள் ஐந்தையும் தவறவிட்டான். "உனக்கு இது வராதுடா" என்று சொல்லி அணியிலிருந்து பெயரை அடித்தவன் நானே. மறுவாரம் முதல் அவன் பரேடுக்கே வரவில்லை. எனக்குக் கிடைத்த மூன்று மாதத்தை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. பழகுகிறவனுக்காக ஒரு துப்பாக்கியையே குடைந்து மாற்றினார்கள். என் நாக்கை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

இன்று வேலையில் புதிதாக வரும் பையன்களுக்கு முதலில் சின்ன மெஷின், மெதுவான வேகம், கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்கிற துண்டு இரும்பு. அந்தத் தம்பிக்குச் செய்யாததை இவர்களுக்குச் செய்கிறேன்.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இதே .22 வகையில்தான். அவருக்கும் முதல் நாள் என்று ஒன்று இருந்திருக்கும். மாணவத் தம்பி தங்கைகளே, ஐந்து தோட்டாவை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். அந்தத் தம்பி இந்த மலரைப் படித்தால், நான் மன்னிப்புக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளட்டும்.