மணலை மூடிய கொடிகள்: மட்டக்களப்பு வாவிக்கரையில் தரைபடர் பூக்களின் வரலாறு

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனையை அண்டிய பகுதி வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் உவர்நீர்ப் பரப்பாகும். அதற்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலம் கதிரவன் எழும் திசையில் அமைந்தமையால் எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே விரியும் வயல்நிலம் படுவான்கரை என்றும் பெயர் பெற்றன. காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை, கல்லாறு முதலிய ஊர்கள் நெருங்கி அமைந்த எழுவான்கரையின் மணல் நீரையும் உரத்தையும் பிடித்து வைக்காது. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை கொட்டித் தீர்த்த பின்னர், ஆண்டின் நடுமாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் என்னும் வறண்ட வெங்காற்று வீசி, மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடுகின்றது. இத்தகைய மண்ணை உயிருள்ள போர்வையால் மூடும் வேலையை மனிதர் செய்வதற்கு மிக முன்பே கடற்கரைக் கொடிகள் செய்து வந்தன; அக்கொடிகளை மனிதர் எங்கே விட்டனர், எங்கே விலக்கினர் என்பதே இப்பகுதியில் தரைபடர் பூக்களின் வரலாறு எனலாம்.

தரைபடர் தாவரம் என்பது மேல்நோக்கி வளராமல் நிலத்தோடு ஒட்டிப் படர்ந்து, இலையும் தண்டுமாக மண்ணை மறைத்து, களை முளைப்பதையும் மண் பறப்பதையும் தடுக்கும் செடியையோ கொடியையோ குறிக்கும். அவ்வகையில் இக்கரையின் மூத்த குடி அடம்பன்கொடியே ஆகும். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துக்கு உரிய அடும்பாக இடம்பெறும் இக்கொடி, நுனி பிளந்த தடித்த இலைகளும் செந்நீலம் கலந்த இளஞ்சிவப்புப் பூக்களும் கொண்டது. பூ காலையில் விரிந்து வெயில் ஏறிய பின் வாடும். ஒரே கொடி 30 மீற்றர் வரையும் ஓடக்கூடியது. ஓடும் வழியெல்லாம் கணுக்களில் வேர்விட்டு மணலைப் பற்றிக்கொள்வதால், காற்று கொண்டுவரும் மணல் அதன் மேல் குவியக் குவிய அது புதைந்துபோகாமல் மேலெழுந்து, குவியலை மேடாக்குகின்றது. உவர்நீரில் மிதந்து சென்றும் முளைக்கும் திறன் இழக்காத விதைகளைக் கொண்டதால், வெப்பமண்டலக் கடற்கரைகள் பலவற்றிலும் இதனைக் காணலாம். அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழி ஈழத்தமிழரிடையே ஒற்றுமையை வலியுறுத்த இன்று மேடைகளில் எடுத்தாளப்படினும், அதனை முதலில் சொன்னவர் அக்கொடியின் ஒற்றை இழை எளிதில் அறுவதையும், பின்னிக் கிடக்கும் படர்ச்சியை ஒருவர் தனியே பெயர்க்க முடியாததையும் கையால் அறிந்தவராகவே இருந்திருக்க வேண்டும்.

இத்தனை பயனுள்ள கொடிக்கு வீட்டு வளவுக்குள் இடம் கிடைக்கவில்லை. தாய்வழிக் குடிமுறை நிலவிய மட்டக்களப்பில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகச் சென்றன. மணமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். ஆகவே வளவின் ஒழுங்கு, எதை நடுவது, எதைப் பிடுங்குவது என்பன பெரிதும் தாய்க்கும் மகளுக்கும் உரிய முடிவுகளாக இருந்தன எனக் கொள்வது பிழையாகாது. அவர்கள் போற்றிய ஒழுங்கு வெற்று மணல் முற்றமே ஆகும். ஈர்க்குமாற்றால் நாள்தோறும் கூட்டப்பட்டு, கோடுகள் தெரியக் கிடக்கும் முற்றத்தில் ஒரு புல் முளைப்பினும் அது வீட்டுப் பெண்களின் கவனக்குறைவாகக் கருதப்பட்டது. இதற்குக் காரணங்கள் வலுவானவை: படர்ந்த கொடிக்குள் பாம்பும் தேளும் ஒளியும், நெல்லும் மீனும் உலர்த்த இடம் வேண்டும், மாலையில் பாய் விரித்து அமர்வதற்கும், மழை பெய்தால் நீர் உடனே இறங்குவதற்கும் திறந்த மணலே ஏற்றது. இன்றைய தோட்டக்கலை நூல்கள் வெற்று மண்ணைக் குறையாகக் கருதுவது குளிர்நாட்டுப் புல்தரைகளைக் கண்டு உருவான பார்வை. அதனை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பது முறையன்று.

பூக்களுக்கு வளவின் ஓரங்கள் ஒதுக்கப்பட்டன. செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் அலரியும் வேலியோரம் நின்று பூசைக்குப் பூக்கொடுத்தன. மல்லிகை பந்தலில் ஏறியது. தாழ்ந்து வளரும் பூச்செடிகளுள், நித்தியகல்யாணி என்று தமிழ்நாட்டில் அறியப்படும் பட்டிப்பூ மட்டும் எவரும் நீரூற்றாமலே மணலில் பெருகியது. மடகஸ்கார் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தாவரவியற் பூங்காக்களில் இடம்பெற்று, பின்னர் வெப்பநாடுகள் எங்கும் பரவியது. கால்நடைகள் பெரும்பாலும் தீண்டாத கசப்புப் பாலும், கைவிடப்பட்ட இடத்திலும் விதைத்துக்கொள்ளும் இயல்புமே அதன் வெற்றிக்குக் காரணம். அதன் இலையிலிருந்து புற்றுநோய்க்கான மருந்துகள் 1950களிலும் 1960களிலும் பிரித்தெடுக்கப்பட்டமை உலகறிந்த செய்தி.

ரோசாவின் நிலை வேறு. 1861இல் சிங்கோனா என்னும் கொயினா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காக நுவரெலியாவுக்கு அருகே நிறுவப்பட்ட ஹக்கலைத் தாவரவியற் பூங்கா, பிற்காலத்தில் ரோசாத் தோட்டத்தால் புகழ்பெற்றது. மலைநாட்டின் குளிரும் கனத்த மண்ணும் ரோசாவுக்கு உகந்தவை. கடல் உப்பும், சூடான மணலும், ஓய்வுக்காலம் தராத வெப்பமும் உகந்தவை அல்ல. எனவே வாவிக்கரையில் ரோசா பெரும்பாலும் சாணமும் செம்மண்ணும் கலந்து நிரப்பிய சாடிச் செடியாகவே நின்றது. மணலை மூடும் செடியாக அது கருதப்படவே இல்லை. விருந்தினரை வரவேற்கத் தெளிக்கும் பன்னீராக, தமிழர் மணவீட்டிலும் முஸ்லிம் மணவீட்டிலும் அதன் மணம் புழங்கியது.

ஆயினும் ரோசா இனம் முழுவதும் கடலுக்கு அஞ்சுவதன்று. யப்பான், கொரியா, கிழக்குச் சீனம் ஆகிய நாடுகளின் கரையோரங்களில் நிலத்தோடு படர்ந்து, தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும் விச்சுரானா என்னும் காட்டு ரோசா, ஜேர்மன் தாவரவியலாளர் மக்ஸ் விச்சுராவின் பெயரைத் தாங்கி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றது. அதனையும், மற்றொரு கடற்கரை இனமான ருகோசாவையும் பெற்றோராகக் கொண்ட மக்ஸ் கிராஃப் என்னும் படர்ரோசா 1919இல் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று; ஜேர்மனியின் கோர்டெஸ் நிறுவனம் அதன் வழித்தோன்றலிலிருந்து நோய்தாங்கும் புதிய வகைகளை உருவாக்கியது. 1980களின் இறுதியில் ஜேர்மனியரான வேர்னர் நோக் வெளியிட்ட, பூக்கம்பளம் என்று பொருள்படும் வணிகப்பெயர் கொண்ட ரோசா, மருந்தடிப்பும் நுணுக்கமான கத்தரிப்பும் வேண்டாத செடியாக உலகச் சந்தையைப் பிடித்தது. குறைந்த பராமரிப்பு ரோசா என இன்று விற்கப்படுவதன் மூதாதையர், ஆக, அடம்பனைப் போலவே கரையோரம் வாழ்ந்த படர்தாவரங்கள். யப்பானியக் கரையின் கொடி பண்ணையாளர் கைக்குச் சென்றது, மட்டக்களப்பின் கொடி வேலிக்கு வெளியே நின்றது என்பதே வேறுபாடு.

வாவிக்கரை வளவுகளில் ரோசாவின் பெயரையும் தோற்றத்தையும் தாங்கி உள்ளே நுழைந்தது ரோசா அல்லாத ஒரு செடி. தமிழ்நாட்டில் டேபிள் ரோஸ் எனப்படும் பத்துமணிப்பூ, பருப்புக்கீரையின் இனத்தைச் சேர்ந்தது. தென்னமெரிக்காவின் ஆர்ஜென்டீனா, உருகுவே, தென் பிரேசில் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. ஸ்கொத்லாந்து மருத்துவர் ஜோன் கில்லிஸ் அங்கே சேகரித்த செடியைக் கொண்டு, வில்லியம் ஜக்சன் ஹூக்கர் 1829இல் அதனை விவரித்துப் பெயரிட்டார். சதைப்பற்றுள்ள ஊசியிலைகளில் நீரைச் சேமிப்பதால் கச்சான் மாதங்களைத் தாங்குகின்றது. வெயில் ஏறும்போது மலர்ந்து மாலைக்கு முன் மூடுகின்றது. கிள்ளி நட்ட துண்டு தானாக வேர்பிடிப்பதால், காசு கொடுத்து வாங்காமலே அயல்வீட்டிலிருந்து அயல்வீட்டுக்குக் கைமாறிப் பரவுகின்றது. அதன் பகை மாரிமழைதான். கார்த்திகை, மார்கழி மாதங்களில் வேர் அழுகிச் செடி அழிவது வழமையாயினும், தாழ்வாரத்தில் நனையாமல் வைத்த சில தண்டுகளிலிருந்து தையில் மறுபடி முழுப் பாத்தியும் எழுந்துவிடும். வெற்று முற்றத்தை விரும்பிய மரபோடு அது மோதவும் இல்லை. கடப்பிலிருந்து, அதாவது வளவின் வாயிலிலிருந்து, வீட்டுப்படி வரையிலான ஓரப் பாத்தியோடு நின்று, நடுமணலைக் கூட்டுமாற்றுக்கே விட்டுவிட்டது.

கரையோர அடம்பனுக்கு நேர்ந்தது இவ்வளவு இணக்கமானதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேயர் ஆட்சியில் இக்கரையில் தென்னந்தோட்டங்கள் பெருகியபோது மணல்மேடுகள் வெட்டிச் சமன்செய்யப்பட்டன. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி அத்தென்னைகளில் பெரும்பகுதியைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடி முதலான ஊர்களைத் துடைத்தெடுத்த பின்னர், கிழக்குக் கரையில் பாதுகாப்பு வேலியாகச் சவுக்கு நடப்பட்டது. சவுக்கின் உதிர்ந்த ஊசிகள் தடித்த படையாகக் கிடக்கும் இடத்தில் அடம்பனும் இராவணன்மீசை என்னும் மணற்புல்லும் தழைப்பதில்லை. காற்றை மறிக்கும் மரம் கிடைக்கும் அதே இடத்தில் மணலைப் பிடிக்கும் வேர் குறைந்து போகின்றது. அழிவுக்குப் பின் வெறும் மணலில் முதலில் திரும்பும் தாவரங்களுள் ஒன்றான அடம்பனுக்கு நாற்றுமேடையோ நீரோ உரமோ தேவையில்லை. சுற்றுலாவுக்காகக் கடற்கரையைத் துப்புரவு செய்வோரும், கரையோரத்தில் மதில் எழுப்புவோரும் அதனைக் குப்பையோடு சேர்த்து வாரி அகற்றுவதை நிறுத்தினாலே போதுமானது.