கள்ளுக்கடைக்கு ஏன் சுவர் இல்லை?



இங்கிலாந்தில் பழைய கிராம மதுக்கூடங்கள் பலவற்றைச் சட்டம் பாதுகாக்கிறது. கட்டிய நூற்றாண்டும் உத்தரத்து மரமும்கூடப் பதிவேட்டில் இருக்கின்றன. நம் ஊர்க் கள்ளுக்கடைக்கு அப்படி யாரும் பதிவேடு எழுதவில்லை.

அது பெரும்பாலும் கீற்றுக் கொட்டகைதான். சவுக்குக் கால், மண் தரை, மறைப்புக்கு ஓலைத் தட்டி, குடிக்கப் பனையோலைப் பட்டை. வறுமை மட்டும் இதற்குக் காரணமல்ல. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ் அரசு மரத்துக்கு வரி போட்டது; கடை உரிமையை ஏலம் விட்டது. அடுத்த ஏலத்தில் கடை யார் கைக்குப் போகும் என்று தெரியாதபோது எந்தக் குத்தகைதாரர் செங்கல் சுவர் எழுப்புவார்? ஏலம் முடிந்தால் கொட்டகையும் போகும். வரவு மட்டும் அரசுக் கணக்கில் நிற்கும்.

மரக்காணம், கூனிமேடு பக்கத்து மக்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் உப்பையும் சாராயத்தையும் ஒரே துறைதான் நிர்வகித்தது. உப்பளத்தில் வெந்தவர் கஞ்சிக்கு உப்பு வாங்கினாலும் வரி, அலுப்புக்குக் கள் குடித்தாலும் வரி. இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே. உப்பு வரியை எதிர்த்த 1930ஆம் ஆண்டுப் போராட்டத்துக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் உண்டு. கள்ளின் வழியாக உழைப்பாளியிடம் பிடுங்கியதற்கு நினைவுச்சின்னம் எங்கே?

1937இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் கடைகள் மூடப்பட்டன. பிறகு 1971இல் திறப்பு, 1974இல் மூடல், 1981இல் திறப்பு, 1987இல் மூடல். 2003 முதல் அரசே டாஸ்மாக் வழியாகச் சில்லறை விற்பனை செய்கிறது. கூனிமேட்டுக்குத் தெற்கே புதுச்சேரியிலோ சாராயக்கடை சட்டப்படியே நடக்கிறது. எல்லைக்கு இப்பால் குற்றம், அப்பால் வருவாய்.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் மீனவ மக்களைக் கொன்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் தலித்துகள். இரண்டு முறையும் "குடிகாரர்கள்தானே" என்ற பேச்சு எழுந்தது. குடித்தவரை மட்டும் பார்ப்பவர்கள், குடியை விற்றும் ஏலம் விட்டும் தடை செய்தும் நடந்துவந்த ஆட்சியைப் பார்ப்பதில்லை.

கள்ளுக்கடையைப் புனிதமாக்க நான் வரவில்லை. அங்கே குடும்பங்களின் கூலி கரைந்தது. பெண்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கும் எழுதப்பட வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம், குறிப்பாகப் பாட்டிகளிடம் கேளுங்கள். கடை எங்கே இருந்தது? ஊர்ப் பக்கமா, சேரிப் பக்கமா? யார் உள்ளே உட்கார்ந்தார், யார் வெளியே நின்றார்? ஏலம் எடுத்தவர் யார்? கேட்டதை ஊர் வரைபடத்தில் குறித்து வையுங்கள். கட்டடம் இல்லாத இடத்தில் நம் வரலாற்றுக்கு அதுவே சுவர்.