அடுப்படிக் கணக்கும் அவைக் குறிப்பும்

அம்மா இறந்த பிறகு வீட்டை ஒழித்தபோது, பரணில் பழைய மாதக் காலண்டர்கள் ஒரு கட்டு கிடைத்தன. ஒவ்வொன்றிலும் சில தேதிகளைச் சுற்றி வட்டம். பக்கத்தில் 'சி' என்று ஒரே ஓர் எழுத்து. சிலிண்டர் மாற்றிய நாள். ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடையே எத்தனை நாள் என்பதுதான் அம்மாவின் பட்ஜெட்.

2012 காலண்டரில் செப்டம்பர்வரை வட்டங்கள் ஏறக்குறைய நாற்பது நாளுக்கு ஒன்று. அதன்பிறகு இடைவெளி அறுபது நாளைத் தாண்டுகிறது. வீட்டில் ஆள் குறையவில்லை, சமையலும் குறையவில்லை. கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து ஓர் அடுப்பு முளைத்தது. அப்பாவுக்கு வெந்நீர் அதில் கொதித்தது. அம்மா பச்சைத் தண்ணீரில் குளித்தார்.

அந்த அறுபது நாளுக்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு. 2012 செப்டம்பரில் அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு, மானிய விலை சிலிண்டர் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6 மட்டுமே என்று அறிவித்தது. அதையும் டீசல் விலை உயர்வையும் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டையும் எதிர்த்து, திரிணாமுல் காங்கிரஸ் கூட்டணியிலிருந்து வெளியேறியது. 2013 ஜனவரியில் 6 என்பது 9 ஆனது. 2014 ஜனவரியில், தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், 12 ஆனது. கொல்லைப்புற அடுப்பை அதன்பிறகுதான் அம்மா கலைத்தார்.

அந்த ஆண்டுகளின் விவாதங்களில் நிதிப் பற்றாக்குறை, கச்சா எண்ணெய் விலை, எண்ணெய் நிறுவனங்களின் இழப்பு ஆகிய சொற்களே திரும்பத் திரும்ப வரும். மானியத்தைக் குறைத்தால் அரசுக்கு எவ்வளவு மிச்சம் என்பதற்கு எண் இருந்தது. அந்த மிச்சத்துக்காக எத்தனை பெண்கள் சுள்ளி பொறுக்கினார்கள், எவ்வளவு புகை குடித்தார்கள் என்பதற்கு எண் இல்லை.

பெண்கள் பேசாமல் இருந்ததால் அப்படி ஆகிவிடவில்லை. 1972இல் மும்பையில் மிருணாள் கோரே, அகில்யா ரங்கணேகர், பிரமிளா தண்டவதே ஆகியோர் விலைவாசி உயர்வை எதிர்த்து மகளிர் முன்னணி ஒன்றைக் கட்டினார்கள். வெவ்வேறு கட்சிக்காரர்கள், ஒரே மேடையில் நின்றார்கள். தானியம், சமையல் எண்ணெய், சர்க்கரை, மண்ணெண்ணெய் நியாய விலையில் கிடைக்க வேண்டும் என்று கேட்டார்கள். பெண்கள் ஆயிரக்கணக்கில் பூரிக்கட்டையோடும் தட்டு கரண்டியோடும் தெருவுக்கு வந்து தட்டி ஓசை எழுப்பினார்கள். சமையலறையில் தனித்தனியாக முணுமுணுத்தது அன்று பொதுக் கோரிக்கை ஆனது. அவசரநிலைக்குப் பின் 1977இல் மிருணாள் கோரேயும் அகில்யா ரங்கணேகரும், 1980இல் பிரமிளா தண்டவதேயும் மக்களவைக்குள் நுழைந்தார்கள்.

ஐம்பது ஆண்டு கழித்து, 2022 ஜூலையில், சென்னையில் சிலிண்டர் விலை 1,068 ரூபாய் 50 காசு. மக்களவையில் விலைவாசி உயர்வைப் பற்றிப் பதாகை பிடித்ததற்காக நான்கு காங்கிரஸ் உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் இருவர் பெண்கள்: கரூர் ஜோதிமணி, கேரளத்தின் ஆலத்தூர் ரம்யா ஹரிதாஸ். ஆகஸ்ட் 1 அன்று இடைநீக்கம் விலக்கப்பட்டு, விவாதம் தொடங்கியது. அன்றுதான் திரிணாமுல் உறுப்பினர் காகோலி கோஷ் தஸ்திதார் ஒரு கத்தரிக்காயை எடுத்து அவையிலேயே பச்சையாகக் கடித்தார். காய்கறியைச் சமைக்காமல் தின்னச் சொல்கிறதா அரசு என்பது அவர் கேள்வி. பதிலளித்தவரும் ஒரு பெண்தான், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். கொரோனா, உலக நிலவரம், மற்ற நாடுகளின் நிலை, முந்தைய ஆட்சியின் பணவீக்கம் என்று பதில் போனது. கத்தரிக்காய்க் காட்சி மட்டும் வேடிக்கைத் துணுக்காகக் கைப்பேசிகளில் சுற்றியது.

அதே கூட்டத்தொடரில் அரசே மாநிலங்களவையில் கொடுத்த ஒரு பதிலை அவ்வளவு பேர் பகிரவில்லை. ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கியது. அப்படி இணைப்பு பெற்றவர்களில் 92 லட்சம் பேர் 2021-22இல் ஒரு சிலிண்டர்கூட மறுபடி வாங்கவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஒன்றே ஒன்று வாங்கினார்கள். அந்த வீடுகளில் சமையல் நின்றுவிடவில்லையே! விறகும் வரட்டியும் திரும்பி வந்தன, அவற்றைச் சேர்க்கிற வேலையும் வந்தது. 2022 மே மாதம்தான் உஜ்வலா பெண்களுக்குச் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் அறிவித்திருந்தார்கள்.

மானியம் வருகிற வழியையும் பார்க்க வேண்டும். 2015 ஜனவரி முதல் நாடு முழுக்க, முழு விலையை முதலில் கொடுத்துவிட வேண்டும், மானியம் பிறகு வங்கிக் கணக்கில் வரும் என்றானது. கசிவு குறையும் என்றார்கள். யாருடைய வங்கிக் கணக்கு? எங்கள் வீட்டு எரிவாயுப் புத்தகம் அப்பா பெயரில். சிலிண்டர் கொண்டுவருபவருக்கு அம்மா தன் மளிகைப் பணத்திலிருந்து எண்ணிக் கொடுப்பார். மானியம் அப்பாவின் கணக்குக்குப் போகும். அதைக் கேட்டு வாங்க அம்மாவுக்குக் கூச்சம். கேட்டால், "வீட்டுக்குத்தானே போகுது" என்பார் அப்பா. உஜ்வலா இணைப்பைப் பெண் பெயரில் கொடுத்தது நல்ல மாற்றம்தான். ஆனால் முழு விலையை முதலில் புரட்ட முடியாதவளுக்குப் பெயர் மட்டும் இருந்து என்ன பயன்? 2020 நடுப்பகுதியிலிருந்து எங்களைப் போன்ற பொது நுகர்வோருக்கு அந்த மானியமும் வரவில்லை. வரவில்லை என்பதே அம்மாவுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

2023 மார்ச்சில் சென்னை விலை 1,118 ரூபாய் 50 காசு ஆனது. ஆகஸ்டில், ரக்ஷா பந்தனை ஒட்டி, 200 ரூபாய் குறைத்து, சகோதரிகளுக்கான பரிசு என்றார்கள். 2024 மார்ச் 8, மகளிர் தினம், மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்களே முன்பு, இன்னொரு 100 ரூபாய் குறைந்தது. சிலிண்டர் 818 ரூபாய் 50 காசுக்கு வந்தது. 2020 நவம்பரில் அது 610 ரூபாய். இரண்டு பரிசுகளுக்குப் பிறகும் 208 ரூபாய் 50 காசு கூடுதல்.

விலை ஏறினால் உலகச் சந்தை, இறங்கினால் அண்ணன் தரும் சீர். எந்தக் கட்சி ஆண்டாலும் தேர்தல் நெருங்கும்போதுதான் அடுப்படி அரசுகளின் கண்ணில் படுகிறது. பரிசை மறுக்கச் சொல்லவில்லை. அந்த 100 ரூபாயில் ஒரு வீட்டில் இரண்டு நாள் காய்கறி வரும். ஆனால் பரிசு என்று ஒப்புக்கொண்டால் அடுத்த முறை அது ஏன் வரவில்லை என்று கேட்க முடியாது. பூரிக்கட்டை ஏந்திய பெண்கள் நியாயமான விலையைக் கேட்டார்கள், யாரிடமும் சீர் கேட்கவில்லை.

அந்தக் காலண்டர்களை நான் எடைக்குப் போடவில்லை. விலை கூடியபோது யார் உடம்பு அந்தக் கூடுதலைக் கட்டியது என்பதற்கு எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே ஆவணம் அது. உங்கள் வீட்டிலும் இருக்கலாம்: எரிவாயுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், அரிசி டப்பா மூடியின் உட்புறத்தில். தேடிப் பாருங்கள். அதில் எழுதியவரின் பெயரையும் சேர்த்து எழுதி வையுங்கள்.