வயது வந்தபின் ஆங்கிலம் வாசிக்கப் பழகுவது எப்படி?

கடன் ஒப்பந்தம், வங்கிக் கடிதம், மருந்துப் பெட்டி. போரிலும் இடப்பெயர்விலும் படிப்பை இழந்த பலர் இவற்றைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தே வாசிப்பிக்கிறார்கள். வீட்டு விடயம் வெளியே போகிறது. சில வேளைகளில், எழுதியிருப்பது என்னவென்று தெரியாமலே கையெழுத்தும் வைக்கப்படுகிறது.

தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு வாசிப்பு புதிதல்ல, எழுத்துகள்தான் புதியவை. அவை 26 மட்டுமே, ஒவ்வொன்றுக்கும் பெரியது, சிறியது என இரண்டு வடிவம்.

ஒலியில் தொடங்குங்கள்

ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. 'எம்' என்பது பெயர், ஒலி 'ம்'. முதலில் எஸ், ஏ, ரீ, பீ, ஐ, என் ஆகிய ஆறின் ஒலிகளைப் பழகுங்கள். 'பின்', 'ரின்', 'ஸ்பின்' ஆகியவற்றை அன்றே கூட்டி வாசிக்கலாம்.

நம்மவர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. 'பழம்', 'பஸ்' இரண்டின் முதல் ஒலியும் வேறு. தமிழில் இரண்டுக்கும் 'ப' போதும். ஆங்கிலத்தில் தனித்தனி எழுத்து. 'க', 'ட' ஆகியவற்றுக்கும் இதே நிலைதான்.

எழுத்துக்கூட்டினால் சரிவராத சொற்களும் உண்டு. 'தி', 'வோஸ்' போன்றவற்றை முழு உருவமாகவே கண்ணில் பதிக்க வேண்டும். அடிக்கடி வரும் 100 சொற்கள் தெரிந்தால், சாதாரணப் பந்தியொன்றில் ஏறக்குறைய பாதிச் சொற்கள் பழக்கமானவையாகிவிடும்.

பாடப்புத்தகம் கையிலேயே உண்டு

நமது நாணயத்தாளில் மூன்று மொழிகளும் உள்ளன. பல பஸ் பெயர்ப்பலகைகளிலும் அரச படிவங்களிலும் அப்படியே. மும்மொழிப் படிவமொன்றின் வெற்றுப் பிரதியை எடுத்து, 'பெயர்', 'முகவரி', 'திகதி', 'கையொப்பம்' ஆகியவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொற்களை வட்டமிட்டு, கொப்பியில் பார்த்து எழுதுங்கள். உச்சரிப்பைக் கைபேசி அகராதியில் கேட்கலாம். கிழமையில் ஒரு நாள் நீண்ட நேரம் இருப்பதிலும் தினமும் 20 நிமிடம் மேல்.

கையெழுத்துக்கு முன்

சொற்களை வாசிக்க முடிந்தாலும் ஒப்பந்தம் விளங்கிவிட்டதென்று நினைக்க வேண்டாம். தொகை, வட்டி, திகதி ஆகியவற்றை நீங்களே தேடிப் பாருங்கள். விளங்காவிட்டால் பிரதியொன்றை வாங்கிச் சென்று நம்பிக்கையானவரிடம் காட்டுங்கள்.

1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆங்கிலம் பழகிவிட்டீர்கள் என்பதற்காக, அரச அலுவலகத்தில் தமிழில் பதில் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.