காவலிலிருந்து கைரேகைக்கு: மதுரைச் சீமையில் குற்றமும் அதிகாரமும்

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்தில் வாழும் பிரமலைக் கள்ளர், பிரிட்டிஷ் ஆட்சிக்கு முன்பிருந்தே பல ஊர்களுக்குக் காவல்காரர்களாக இருந்தனர். அறுவடையில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. களவு போனால் மீட்டுத் தருவதோ ஈடு கட்டுவதோ காவல்காரர் பொறுப்பு. காணாமல் போன மாட்டைத் துப்புச் சொல்லி மீட்டுத் தர வாங்கும் தொகைக்குத் துப்புக்கூலி என்று பெயர். காவலுக்கு இசையாத ஊரில் மாடு களவு போவதும் நடந்தது. பாதுகாப்பும் மிரட்டலும் ஒரே கையில் இருந்த ஏற்பாடு அது. அதைப் பொற்காலமாக வருணிப்பது வரலாறாகாது.

சென்னை மாகாணத்தில் 1859ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் வந்தபின், காவல் என்பது அரசின் தனியுரிமை ஆயிற்று. ஊர் கொடுத்துவந்த அதே நெல் இப்போது மிரட்டிப் பறித்ததாகக் கணக்கிடப்பட்டது. ஆனால் போலீஸ் நிலையம் தொலைவில்; காவல்காரர் பக்கத்தில். ஆகவே பழைய முறை சட்டத்துக்கு வெளியே உயிரோடிருந்தது. 1896இல் திண்டுக்கல் பகுதிக் குடியானவர்கள் பொதுப்பணம் திரட்டி, தங்களுக்கெனத் தனிக் காவலர்களை வைத்துக்கொண்டு, கள்ளரை ஊரைவிட்டு விரட்ட முனைந்தனர். பொதுநிதி என்ற பொருளில் ‘பண்டு’ என்று பேசப்பட்ட இந்த எழுச்சியை அரசின் தூண்டுதல் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. காவல்கூலி கொடுத்துச் சலித்தவர்களின் கோபமும் அதில் இருந்தது. ஆனந்த் பாண்டியனின் ஆய்வு இந்த உள்ளூர்ப் பகையை விரிவாகக் காட்டுகிறது. மேலிருந்து வந்த சட்டத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தப்பிவிடும்.

வட இந்தியாவில் 1871இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கு வந்தது. அரசு ஒரு சாதியைக் குற்றப் பரம்பரை என அறிவித்தால், அந்த அறிவிப்புச் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. கண்காணிப்புக்குத் தனிமனிதன் செய்த செயல் தேவையில்லை, பிறப்பே போதும். மதுரை மாவட்டத்தில் கீழக்குடியில் தொடங்கிய கள்ளர் பதிவு மெல்லப் பிற ஊர்களுக்கும் பரவியது. ஆண்கள் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ கச்சேரியிலோ ஆஜராக வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் இறந்ததாக ஊர் நினைவு சொல்கிறது.

அதற்குப் பிறகுதான் கள்ளர் சீரமைப்புத் திட்டம் விரிந்தது: பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், கிணறு வெட்டக் கடன். கூடவே ஊர்தோறும் கள்ளர் பஞ்சாயத்து அமைத்து, ஊரில் குற்றம் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அதன் தலையில் அரசு வைத்தது. களவுக்கு ஊர்க்காரரே பதில் சொல்லும் பழைய காவல்முறையின் சாயல் இதில் தெரிகிறது. எதைக் குற்றம் என்று ஒழித்தார்களோ அதே உத்தியைத் தம் முத்திரையோடு திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்றே நான் படிக்கிறேன். ஒழுக்கச் சீர்திருத்தம் என்ற விளக்கம் இந்த ஒற்றுமைக்குப் பதில் தருவதில்லை.

வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர், பொதுவுடைமை இயக்கத்தினர் எனப் பலர் இச்சட்டத்தை எதிர்த்தனர். சென்னை மாகாணத்தில் 1947இல் இது நீக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் 1952இல். இடையே 1948இலேயே சென்னை மாகாணம் வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. அதில் சாதியின் பெயர் இல்லை. தண்டனை பெற்ற தனிமனிதரே அதன் இலக்கு. ஆனால் பதிவேடும், இருப்பிடத்தைப் போலீசுக்குத் தெரிவிக்கும் கடமையும் அதில் தொடர்ந்தன.